எர்த் குழி

பாண்டிராஜுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது சகலை கார் வாங்கிய அன்றைக்கு அல்ல. கார் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அவரிடமே ஒன்று இருக்கிறது. 'இந்தக் காரை வெயிலில் ஓட்டப்போகிறேன்' என்று சகலை லிங்கேஸ்வரன் மாமனார் வீட்டு முற்றத்தில் நின்று சொன்னானே, அன்றைக்குத்தான் பற்றிக்கொண்டது.

ஏன் பற்றிக்கொள்ளாது? பாண்டிராஜ் தென்காசியில் இருபத்தாறு வருஷமாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். லைசென்ஸ் உள்ள ஒயரிங் காண்டிராக்டர். ரத வீதிகளில் பாதி வீடுகளுக்கு அவர்தான் ஒயர் இழுத்தார். லிங்கேஸ்வரனோ இலஞ்சியில் தமிழ் வாத்தியார். மாமனார் செல்லப்பாவின் மூத்த மகள் காளீஸ்வரியை இவர் கட்டினார், இளையவள் சங்கரேஸ்வரியை அவன் கட்டினான். பண்பொழியில் இருக்கும் அந்த மாமனார் வீட்டில் இத்தனை வருஷமும் எழுதாத பாகப்பிரிவினை ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்க்க வேண்டுமா, பேரப்பிள்ளைக்குப் பெயர் தேட வேண்டுமா, இளைய மருமகன். கரண்டு என்றால் மூத்த மருமகன். மின்விசிறி நின்றாலும், மிக்ஸி புகைந்தாலும், இடி விழுந்து டிவி போனாலும் செல்லப்பா போனை எடுத்து, "மூத்த மருமவனே, செத்த வந்துட்டுப் போங்க" என்பார்.

பாண்டிராஜ் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவார். ஒரு ஸ்க்ரூவைத் திருகியிருப்பார், அவ்வளவுதான். செல்லப்பா வாசலில் நின்று, "கரண்டுன்னா எங்க மூத்த மருமவந்தாம்" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவார். அந்த ஒரு சொல்லுக்காகப் பாண்டிராஜ் கொட்டுகிற மழையிலும் பண்பொழிக்குப் போவார். அரசாங்கச் சம்பளம், எம்.ஏ. பட்டம், மேடைப் பேச்சு எல்லாம் சகலையிடம் இருந்தன. இவரிடம் இருந்தது இந்தச் சொல் ஒன்றுதான்.

அதிலும் அவன் கை வைத்தான்.

திருநெல்வேலியில் ஒரு டாக்டர் ஓட்டிய பழைய எலக்ட்ரிக் காரை வாங்கி வந்த லிங்கேஸ்வரன், கோடை விடுமுறை முழுக்க வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஏதோ கோத்துக்கொண்டிருந்தான். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மாடியை இடித்தபோது கழற்றிப் போட்ட நாலு சோலார் தகடு. பள்ளி விடுதியில் ஏலம் விட்ட மடக்குக் கட்டில்களின் சட்டம். அந்தச் சட்டத்தில் தகடுகளைக் கீல் வைத்துப் பிணைத்தான். மடக்கினால் காரின் கூரையில் படுத்துக்கொள்ளும், இறக்கி விரித்தால் கால் ஊன்றி வெயிலைப் பார்த்து நிற்கும். பார்சலில் வரவழைத்த பேட்டரிகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கினான். பெட்டிக்குக் கீழே டிராவல் பேக்கின் சக்கரம், மேலே ஒரு இன்வெர்ட்டர். ஒரு நாள் நல்ல வெயில் அடித்தால் ஐந்து யூனிட் சேருமாம், ஐந்து யூனிட்டுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓடுமாம்.

"வீட்டுல பிளக்கு இல்லையாவே உமக்கு?" என்று கேட்டார் பாண்டிராஜ்.

"இருக்கு அண்ணாச்சி. ஆனா பாருங்க, நம்ம ஊருல சீசன் வந்துட்டா குத்தாலத்துல சாரல், இலஞ்சில மப்பு. பாவூர்சத்திரம் தாண்டிட்டா வெயிலு கொளுத்துது. மாடில தகடு மாட்டுனவன் மூணு மாசம் வானத்தப் பாத்துகிட்டு இருக்கணும். நம்ம தகடு நம்மகூடயே வரும். வெயில் எங்கன இருக்கோ அங்கன போயிப் பிடிச்சுட்டு வந்துரலாம்லா."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் பாண்டிராஜுக்கு இன்னும் எரிந்தது. சாரல் காலத்தில் தென்காசிக்கு மேற்கே குடை, கிழக்கே கூலிங்கிளாஸ் என்பது அவர் பிறந்ததிலிருந்து பார்க்கிற சங்கதி. போன வருஷம் ஒரு லாட்ஜ் மாடியில் தகடு மாட்டிக் கொடுத்துவிட்டு, சீசன் முழுக்க அந்த முதலாளியிடம் ஏச்சு வாங்கியவரும் அவரே. தகட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போகலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை, இலக்கணம் எடுக்கிற ஆளுக்குத் தோன்றியிருக்கிறது.

செல்லப்பா வேறு எண்ணெய் ஊற்றினார். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மகள்கள் குடும்பமும் அவரையும் மாமியார் பாலம்மாளையும் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குக் குளிக்கப் போவது வழக்கம். பத்தொன்பது வருஷமாக மாமனார் பாண்டிராஜின் காரில், முன் சீட்டில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வருவார். இந்தத் தடவை அவர் சொன்னார்: "இளைய மருமவன் காரு வெயில்ல ஓடுச்சுன்னா, இந்த ஆடிக்கு நான் அதுலதான் ஏறுவேன்."

"ஓடட்டும் மாமா, பாப்பம்" என்றார் பாண்டிராஜ். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பண்பொழியில் வெள்ளோட்டம். மாமனார் வீட்டு முற்றத்தில் தகடுகளை விரித்து வைத்திருந்தான் லிங்கேஸ்வரன். பக்கத்து வீட்டு ஆட்கள் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். காலையிலிருந்து அடித்த வெயிலில் தகரப் பெட்டி நிறைந்துவிட்டது. காருக்கு உரிய சார்ஜர் ஒயரை எடுத்து, இன்வெர்ட்டரில் மூன்று முள் பிளக்கைச் செருகி, மறுமுனையைக் காரில் மாட்டினான். ஒயருக்கு நடுவே சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கும், அதில் பச்சை எரிந்தால் கார் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம்.

சிவப்பு எரிந்தது.

பிடுங்கி மறுபடி செருகினான். சிவப்பு. இன்வெர்ட்டரை அணைத்துப் போட்டான். சிவப்பு. அதே இன்வெர்ட்டரில் டேபிள் ஃபேனை மாட்டினால் ஜம்மென்று சுற்றியது. அதே சார்ஜரை வீட்டுச் சுவரில் இருந்த பிளக்கில் மாட்டினால் பச்சை. இரண்டையும் சேர்த்தால் மட்டும் சிவப்பு. சங்கரேஸ்வரி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். மதிலில் யாரோ கனைத்தார்கள்.

பாண்டிராஜ் வந்து குனிந்து பார்த்தார். ஒரே பார்வைதான், விளங்கிவிட்டது. வீட்டுக்கு வருகிற கரண்டில் நியூட்ரல் கம்பியும் எர்த் கம்பியும் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். தனியாக உட்கார்ந்திருக்கும் இந்த இன்வெர்ட்டருக்கு அந்தக் கட்டு கிடையாது. கார் சார்ஜர் உஷாரான பேர்வழி. எர்த் இருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்க்கும், தட்டுப்படாவிட்டால் கரண்டை உள்ளே விடாது. ஒரு காலி பிளக்கை எடுத்து, அதற்குள் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒரு துண்டு ஒயரைக் கட்டி, இன்வெர்ட்டரில் பக்கத்தில் சும்மா இருக்கிற துளையில் செருகிவிட்டால் தீர்ந்தது. இரண்டு நிமிஷ வேலை. கடையில் கீழே கிடக்கிற ஒயர்த் துண்டு போதும்.

"அண்ணாச்சி, என்னவா இருக்கும்?" என்று கேட்டான் லிங்கேஸ்வரன். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. எல்லோரும் பாண்டிராஜைப் பார்த்தார்கள். செல்லப்பாவும் பார்த்தார்.

அந்தப் பார்வை பாண்டிராஜுக்கு இனித்தது. எத்தனை மாதமாயிற்று, இப்படி அவரைப் பார்த்து! சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தார். பச்சை எரியும். கை தட்டுவார்கள், ஆனால் அவனுக்குத்தான் தட்டுவார்கள். துண்டு ஒயரை யார் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? ஆடிக்கு மாமனார் அவன் காரில் ஏறுவார். சொல்லாவிட்டால் இந்தப் பார்வை இன்னும் கொஞ்ச நாள் தன்மேல் இருக்கும்.

தாடையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார். "எர்த்து சரியில்ல வாத்தியாரே."

"எர்த்தா?"

"ஆமா. டிசிக்குன்னு, அதான் பேட்டரி கரண்டுக்குன்னு, தனி எர்த்துக் குழி தோண்டணும். ஆறடி. அடுப்புக்கரி ஒரு சாக்கு, கல்லுப்பு ஒரு சாக்கு, அடுக்கடுக்காப் போட்டு நடுவுல குழாய எறக்கணும். அதுலேருந்து ஒயர் எடுத்து பெட்டில குடுக்கணும்."

"வீட்டு எர்த்து இருக்கே அண்ணாச்சி, அதுலேருந்து இழுத்தாப் போதாதா?"

"அது ஏசிக்கு, வீட்டுக் கரண்டுக்கு உள்ள எர்த்துவே. அது வேற, இது வேற. தெரியாமத்தான் சொல்லுதனா?"

சுத்தப் பொய். ஆனால் லைசென்ஸ் உள்ள வாயிலிருந்து வந்த பொய். லிங்கேஸ்வரன் தலையை ஆட்டிக்கொண்டான். செல்லப்பா மதில் பக்கம் திரும்பி, "பாத்தியளா, கரண்டுன்னா எங்க மூத்த மருமவந்தாம்" என்றார்.

பாண்டிராஜ் அன்றைக்கு இரண்டு தடவை பாயாசம் வாங்கிக் குடித்தார்.

வாத்தியார் இலஞ்சியில் தன் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்ட ஆரம்பித்தான். ஆள் வைத்துத் தோண்டியிருக்கலாம், ஆனால் தன் கையால் செய்கிற பொருள் என்ற வைராக்கியம் அவனுக்கு. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் சாயங்காலம் வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையைத் தூக்குவான். இலஞ்சி மண் இரண்டடி வரை வெண்ணெய், அதற்குக் கீழே பாறை மாதிரி. அந்த நேரம் பார்த்துச் சாரலும் இறங்கிவிட்டது. சாயங்காலம் தோண்டியதை ராத்திரிச் சாரல் நிரப்பும், மறுநாள் இறைத்துவிட்டுத் தோண்ட வேண்டும். நாலடியில் ஒரு தடவை போன் செய்தான்.

"அண்ணாச்சி, நாலடி போயிட்டேன். இது போதுமா?"

"ஆறுன்னா ஆறுதாம்வே. நாலுல நிப்பாட்டுனா நாப்பது வாட்டு பல்பு கூட எரியாது."

போனை வைத்துவிட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு வெகுநேரம் அடங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோதும் சிரித்துக்கொண்டே இருந்ததால் காளீஸ்வரி என்னவென்று கேட்டாள். பெருமை தாங்காமல் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், அலமாரியிலிருந்து ஒரு பிளக்கை எடுத்துக் கழற்றி, துண்டு ஒயரைக் கட்டிக் காட்டினார். "இம்புட்டுத்தான் சங்கதி. எம்.ஏ. படிச்சவனுக்கு இது தெரியல பாத்துக்க."

காளீஸ்வரி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பம் அவரு குழி தோண்டுதது?"

"உடம்புக்கு நல்லதுதான? தொப்பை குறையும்."

"சங்கரி நேத்து போன்ல சொன்னா, அவருக்குக் கையெல்லாம் கொப்புளமாம். சோத்தப் பெசைஞ்சு சாப்பிட முடியலயாம். ஸ்பூன்ல சாப்பிடுதாராம்."

பாண்டிராஜ் அப்பளத்தை நொறுக்கினார்.

"சொல்லிருங்க. இன்னைக்கே சொல்லிருங்க."

"ஆடி கழியட்டும், சொல்லுதேன்."

"எதிரிக்குச் சகுனத் தடையாகட்டும்னு தன் மூக்க அறுத்துக்கிட்ட கதையால்லா இருக்கு இது" என்றாள் காளீஸ்வரி. அவளுடைய குரல் உயரவில்லை. அவருக்கு மோர் ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் சொன்னது உறுத்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் இலஞ்சிப் பக்கம் ஒரு வேலை இருந்தபோது சகலை வீட்டுக்கு வண்டியை விட்டார். சொல்லிவிடுவோம் என்றுதான் போனார். குழிக்குள் தலை மட்டும் தெரிய நின்றுகொண்டிருந்தான் லிங்கேஸ்வரன், உடம்பெல்லாம் சேறு. இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க அண்ணாச்சி, இன்னும் அரையடிதான்" என்றான். சங்கரேஸ்வரி காபி கொண்டுவந்து கொடுத்து, "அத்தான் மட்டும் வழி சொல்லலேன்னா இவுக இன்னேரம் எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டிருப்பாக" என்றாள்.

பாண்டிராஜுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தேவிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு விசயம்" என்றான் குழியிலிருந்து லிங்கேஸ்வரன். "தென்காசில யூடியூப் சேனல் நடத்துதாருல்லா முகம்மது இஸ்மாயில், அவரு இதப் படம் எடுக்க வாராராம். 'வெயில் பிடிக்கும் வாத்தியார்'னு தலைப்பு போடப்போறாராம். பச்சை எரிஞ்ச உடனே கூப்பிடச் சொல்லியிருக்காரு."

திறந்த வாயில் பாண்டிராஜ் காபியை ஊற்றிக்கொண்டார். வெயில் பிடிக்கும் வாத்தியார். இருபத்தாறு வருஷம் கம்பத்திலும் பரணிலும் ஏறி இறங்கிய பாண்டிராஜை ஒரு ஆளாவது படம் எடுத்தானா? அவர் மாட்டாத ஃபேனா, அவர் போடாத போர்டா?  "கரிய நல்லா இடிச்சுப் போடும்வே. கட்டி கட்டியாப் போட்டா எர்த்து நிக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

ஆறடி முடிந்தது. கரி, உப்பு, கரி, உப்பு. குழாய் இறங்கியது. ஒயர் பெட்டிக்கு வந்தது. சிவப்பு எரிந்தது.

"மண்ணு சரியில்ல வாத்தியாரே. அந்த வேப்பமரத்துப் பக்கம் ஈரம் இருக்கும், அங்கன ஒண்ணு போட்டுப் பாரும்" என்றார் பாண்டிராஜ் போனில்.  "சரி அண்ணாச்சி" என்று மறுமுனையிலிருந்து வந்தது. அந்தச் 'சரி'யைக் கேட்டதும் இவருக்கு ஏனோ எரிச்சல்தான் வந்தது. ஒரு வார்த்தை சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால்கூட மனசு லேசாகியிருக்கும். இந்த மனுஷன் நம்பித் தொலைக்கிறானே!

ஆனி முடிந்து ஆடி பிறந்தது. குற்றாலத்தில் தண்ணீர் கொட்டியது. கேரள வண்டிகள் செங்கோட்டை வழியாக வரிசை கட்டி இறங்கின. சகலையிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டது. தோற்றுவிட்டான் என்று பாண்டிராஜ் முடிவு கட்டினார். கடைக்கு ஹோல்டர் வாங்க வந்த யூசுப் பாய் மட்டும் ஒரு நாள், "ஒங்க சகலை பாவூர்சத்திரத்துக்கு அந்தால ரோட்டோரமா தகட்ட விரிச்சுப் போட்டுகிட்டு உக்காந்திருந்தாரு. வெயில் பிடிக்கேன்னாரு" என்று சொல்லிச் சிரித்தார். பாண்டிராஜும் சிரித்தார். பெட்டி நிறைந்து என்ன செய்ய, காரில் ஏறாதே!

குறித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் காரைப் பளபளவென்று கழுவினார். முன் சீட்டில் புதுத் துண்டு ஒன்றை விரித்தார். காளீஸ்வரி பின்னால் ஏறிக்கொண்டாள். "முன்னால உக்காரேன், பண்பொழி வரைக்கும்" என்றார். "அப்பா சீட்டு. வேண்டாம்" என்றாள்.

மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது சாரல் விட்டிருந்தது. மலை முழுக்க மேகம். முற்றத்தில் அந்த எலக்ட்ரிக் கார் நின்றது. பக்கத்தில் தகரப் பெட்டி. பெட்டியிலிருந்து காருக்கு ஒயர் போயிருந்தது. நடுவே அந்தச் சோப்புப் பெட்டியில் பச்சை விளக்கு.

செல்லப்பா காரின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு. தலையில் எண்ணெய்கூட வைத்தாகிவிட்டது. "வாங்க மூத்த மருமவனே, கரண்டு ஏறிட்டுது, பாத்தியளா! நேத்து பாவூர்சத்திரத்துல அடிச்ச வெயிலு, இன்னைக்குப் பண்பொழில ஏறுது!"

பாண்டிராஜ் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்வெர்ட்டரின் பக்கத்துத் துளையில் ஒரு வெள்ளை பிளக் செருகியிருந்தது. அதிலிருந்து எந்த ஒயரும் வெளியே போகவில்லை.

"அண்ணாச்சி!" லிங்கேஸ்வரன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை காய்த்துப்போய்ச் சொரசொரவென்று இருந்தது. "நேத்து ரோட்டோரமா உக்காந்திருந்தேன். குத்தாலத்துக்கு வந்த கொல்லத்துக்காரர் ஒருத்தர், அவரும் எலக்ட்ரிக் கார்தான் வச்சிருக்காரு, எறங்கி வந்து என்ன ஏதுன்னு கேட்டாரு. செகப்பு எரியுதுன்னு சொன்னேன். சிரிச்சுட்டு, 'நியூட்ரலும் எர்த்தும் கூட்டிக் கெட்டிக்கோ சேட்டா'ன்னாரு. ரெண்டு நிமிசம் அண்ணாச்சி! அவரு வண்டில இருந்த பிளக்கையே குடுத்துட்டுப் போயிட்டாரு. பேருகூட நான் கேக்கல."

"அப்படியா" என்றார் பாண்டிராஜ்.

"நீங்க சொன்னது சரிதான். எர்த்துதான் கோளாறு. எடத்தத்தான் கொஞ்சம் மாத்திச் சொல்லிட்டிய. பாதி உங்க புண்ணியம்."

அவன் கேலி செய்யவில்லை. அவனுக்குக் கேலி வராது. அதுதான் பாண்டிராஜின் மேல் உப்பும் கரியும் கொட்டியது மாதிரி இருந்தது. பாதியாம், பாதி! ஒரு பார்வையில் முழுசும் தெரிந்த ஆளுக்குப் பாதி மார்க் போடுகிறான் வாத்தியார். பேர் தெரியாத ஒரு மலையாளிக்குத் தெரிந்தது லைசென்ஸ்காரனுக்குத் தெரியவில்லை என்று இந்த முற்றமே நினைக்கிறது. எனக்கு முதல் நாளே தெரியும் என்று கத்த வேண்டும் போல இருந்தது. நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது.

அதற்குள் செல்லப்பா காருக்குள் இருந்தபடியே கேட்டார்: "ஏன் மருமவனே, இது உங்களுக்குத் தெரியாதா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் முற்றமே பாண்டிராஜ் பக்கம் திரும்பியது. சங்கரேஸ்வரி பார்த்தாள். மதிலில் நின்றவர்கள் பார்த்தார்கள். பாண்டிராஜ் வாயைத் திறந்தார். தெரியும் என்றால், பிறகு ஏன் ஆறடி? ஏன் இரண்டாவது குழி? ஏன் கொப்புளம்? தெரியாது என்றால், இருபத்தாறு வருஷம்? அவர் கண்கள் தாமாகவே காளீஸ்வரியைத் தேடின. தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கவும் செய்தது.

காளீஸ்வரி அவரைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "அவுகளுக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா தங்கச்சி மாப்பிள்ளைய ரெண்டு குழி தோண்ட விட்டிருப்பாகளா? அவ்வளவு கெட்ட மனுசனா அவுக?"

 முற்றம் முழுக்க அவர் பதிலுக்குக் காத்திருந்தது.

"தெரியாது மாமா" என்றார்.

"அதுக்கென்ன, ஆனைக்கும் அடி சறுக்கும். எல்லாருக்கும் எல்லாம் தெரியுமா?" என்று செல்லப்பா பெருந்தன்மையாகச் சொன்னார். அந்தப் பெருந்தன்மையை அவரால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால்கூட நின்றிருப்பார்.

கிணற்றடியிலிருந்து திரும்பி வந்த பாலம்மாள் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "கெளம்புததுக்கு முன்னால தொட்டிய நெறைக்கலாம்னா மோட்டார் ஓட மாட்டேங்கு. 'உம்ம்'முனு உறுமுது, சுத்த மாட்டேங்கு" என்றாள்.

பழக்க தோஷம், பாண்டிராஜின் கால் தானாக ஒரு எட்டு முன்னால் போனது. "கெபாசிட்டர் போயிருக்கும் அத்தே. வேற ஒண்ணுமில்ல. கெபாசிட்டர மாத்துனா ஓடிரும்." உண்மையைத்தான் சொன்னார். இந்தத் தடவை ஒன்றையும் ஒளிக்கவில்லை.

செல்லப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மருமவனே, இதுக்கும் ஆறடி குழி தோண்டச் சொல்லிராதிய!"

எல்லோரும் சிரித்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். காளீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

"இளைய மருமவனே," என்று செல்லப்பா காரிலிருந்து இறங்காமலே குரல் கொடுத்தார், "நீங்க செத்த என்னன்னு பாத்துட்டு வாங்க."

லிங்கேஸ்வரன் தயங்கினான். மூத்தவர் முகத்தைப் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, டெஸ்டர் இருந்தாக் கொஞ்சம் குடுங்களேன்" என்று கையை நீட்டினான்.

பாண்டிராஜ் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கொடுத்தார்.